எருமையை என்னிடம் சொல்லவில்லை

என்னைப் பொறாமைக்காரி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வராது. உள்ளதைத்தானே சொல்கிறார்கள். பக்கத்து வீட்டில் புதுச் சேலை எடுத்தால் அன்றைக்கு என் குழம்பில் உப்பு ஒரு கை கூடிவிடும். ஆனாலும் பெண்கள் பொறாமைப்படுகிற காரணங்களில் என்னுடையதைப் போல ஒன்றை நான் வேறு யாரிடமும் கேட்டதில்லை. என் வீட்டுக்காரர் தனக்கு வந்த கெட்ட கனவுகளையெல்லாம் என்னிடம் சொல்லாமல் இன்னொருத்தியிடம் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது நாங்கள் கள்ளக்குறிச்சியில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். ஆறு குடும்பத்துக்கு ஒரே குழாய். அவர் பஸ் கண்டக்டர். கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறுகிற வண்டி அவருடையது. சாயங்காலம் மலையேறினால் வண்டி ராத்திரி அங்கேயே தங்கி, விடிந்ததும் முதல் நடையாகக் கீழே இறங்கும். வாரத்தில் மூன்று ராத்திரி டிரைவரும் அவரும் வண்டிக்குள்ளேயே நீள சீட்டில் படுத்துக்கொள்வார்கள்.

அந்த வரிசையில் எனக்கென்று ஒரு மரியாதை இருந்தது. நான் கனவுக்குப் பலன் சொல்வேன். பிறந்தது நைனார்பாளையம். கல்யாணத்துக்கு முன்பு களை எடுக்கப் போகும்போது, குனிந்த தலை நிமிராமல் பெண்கள் தாங்கள் கண்ட கனவை ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டே போவார்கள். அடுத்த வரப்புக்கு வந்து சேர்வதற்குள் பலன் முடிவாகியிருக்கும். கேட்டுக் கேட்டு எனக்கும் அது படிந்துவிட்டது. பாம்பு துரத்தினால் கஷ்டம் துரத்துகிறது. கடித்துவிட்டால் பிடித்த சனி விட்டது. யானை வந்தால் பிள்ளையார். தெளிந்த தண்ணீர் நல்லது, கலங்கல் தண்ணீர் காய்ச்சல். கல்யாணத்தைக் கண்டால் சாவு, சாவைக் கண்டால் கல்யாணம். எருமை வந்தால் எமன். அதற்கு மேல் எருமைக்கு யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள்.

பேருந்து நிலையத்தில் கனவுப் பலன் என்று ஒரு சின்னப் புத்தகம் விற்பார்கள். அதில் பசு வந்தால் லட்சுமி கடாட்சம் என்று ஒரே வரியில் போட்டு முடித்திருக்கும். பசு வீட்டுக்குள் வந்ததா, வீட்டை விட்டுப் போனதா? காய்ந்த ஏரியில் நின்றதா, பசும்புல்லில் நின்றதா? எந்தப் பக்கம் பார்த்து நின்றது? புத்தகம் இதையெல்லாம் கேட்குமா? நான் கேட்பேன். மாடு பாதி, அது நின்ற இடம் பாதி என்பது என் கட்சி. மலை ஏறுவதாகக் கண்டால் உயர்வு என்று சொல்வார்கள். என் வீட்டுக்காரருக்கு மட்டும் அதைச் சொல்ல முடியாது. அவருக்கு மலை ஏறுவது உத்தியோகம்.

இதில் ஒரு விதி உண்டு. நல்ல கனவை வீட்டில் சொல்லலாம். கெட்ட கனவை வீட்டு மனிதர்களிடம் சொல்லக் கூடாது. அதிலும் யாரைப் பற்றிய கனவோ அவர் காதில் அது விழவே கூடாது; விழுந்தால் பலித்துவிடும். விடிந்ததும் ஓடுகிற தண்ணீரைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் ஒட்டும் உறவும் இல்லாத ஒரு ஆளிடம் சொல்ல வேண்டும். சொன்னதோடு அதன் விஷம் இறங்கிவிடும். வரிசை வீட்டுப் பெண்கள் என்னிடம் வந்ததும் அதனால்தான். அவர்களுக்கு நான் யாருமில்லை. நாத்தனார் கிணற்றில் விழுந்ததையும் புருஷன் காவி கட்டிப் போனதையும் என்னிடம் வந்து கொட்டிவிட்டு நிம்மதியாகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள். புதிதாகக் குடிவந்தவளுக்கு, குழாயில் எந்த நேரத்தில் தண்ணீர் வரும் என்பதோடு இந்த விதியையும் நானே சொல்லிக்கொடுத்துவிடுவேன்.

என் வீட்டுக்காரரும் கனவு காண்கிறவர்தான். மலையிலிருந்து வண்டி வந்து, டிப்போவில் வசூல் பையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு முதல் வேலையாகக் கனவைச் சொல்வார். கோமுகி அணையில் மீன் துள்ளியது. வெள்ளைப் பசு வாசல் தாண்டி உள்ளே வந்தது. யானை துதிக்கையால் தலையைத் தொட்டது. நானும் பூரித்துப்போய்ப் பலன் சொல்வேன். புருஷன் பெண்டாட்டிக்கு நகை வாங்கித் தருவான், பூ வாங்கித் தருவான். எனக்கு அவர் கனவு கொண்டுவந்தார். அதில் எனக்கு அவ்வளவு பெருமை.

ஒரு வருஷம் இப்படிப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. இந்த மனிதர் கனவில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லையே. ஒரு பல்லாவது விழ வேண்டாமா? வரிசையில் எத்தனை பேர் கனவைக் கேட்கிறேன். பத்தில் ஆறு கெட்டதாகத்தான் வரும். மனுஷ மனசு அப்படித்தான். அவர் வீட்டில் படுக்கிற நாட்களிலோ உடம்பு தூக்கித் தூக்கிப் போடும். முனகுவார். பாய் வேர்வையில் நனைந்திருக்கும். காலையில் கேட்டால் மீன் வந்தது என்பார். மீனைப் பார்த்து எந்த மனிதனாவது முனகுவானா?

சந்தேகம் வந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. டிரைவரின் மனைவிதான் திறந்தாள். இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தாள். குரங்கு ஒன்று அரிசிப் பானையில் கையை விட்ட கனவுக்குப் பலன் கேட்க வந்தவள், கேட்டு முடித்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னாக்கா, ஊருக்கெல்லாம் நீ கனா சொல்ற. உங்க வூட்டுக்காரு மலைல டீக்கடைக்காரம்மா கிட்ட போய் கனா சொல்லிக்கினு இருக்காராமே."

"யாரு சொன்னா?"

"எங்க வூட்டுக்காருதான். விடிஞ்சதும் பல்லுகூட வெளக்காம போயிடுவாராம். அந்தம்மா கிளாசு கழுவிக்கினே கேக்குமாம். எங்க வூட்டுக்காரு பக்கத்துல போனா உங்காளு நிறுத்திக்குவாராம்."

குரங்குக்கு என்ன பலன் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. அவள் போன பிறகு அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்ததைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வயிறு எரிந்தது. அது சாதாரண எரிச்சல் இல்லை. வைப்பாட்டி வைத்துக்கொண்டார் என்றால் தெருவில் நின்று தலையை விரித்துப் போட்டுச் சண்டை போடலாம். அண்ணன் தம்பிகளைக் கூட்டி நியாயம் கேட்கலாம். கனவு சொன்னார் என்று எந்தப் பஞ்சாயத்தில் போய் முறையிடுவது? கேட்கிறவன் சிரிப்பான். எனக்கோ, அவர் அவளைத் தொட்டிருந்தால்கூட இத்தனை வலித்திருக்காது என்று தோன்றியது.

அந்த வாரம் களமருதூரில் அவர் பெரியப்பா வீட்டுக் கல்யாணம். உடம்பு சரியில்லை என்று சொல்லி நான் வீட்டிலேயே நின்றுகொண்டேன். அவர் மூன்று நாள் லீவு போட்டுக் கிளம்பிப் போனார். அவருக்குப் பதிலாக உளுந்தூர்பேட்டையிலிருந்து ஒரு கண்டக்டரை அனுப்பியிருந்தார்கள். அந்த ஆளுக்கு என்னைத் தெரியாது. இரண்டு வீடு தள்ளியிருந்த டிரைவருக்கும் மறுநாள் ஓய்வு நாள்; வண்டி ஓட்டியது வேறு ஆள். மறுநாள் பகல் நடையில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து வெள்ளிமலைக்கு டிக்கெட் வாங்கினேன். இத்தனை வருஷத்தில் அந்த வண்டியில் அதுதான் எனக்கு முதல் மலைப் பயணம். அதை நினைத்து இன்னும் கொஞ்சம் எரிச்சல் பட்டேன்.

கொண்டை ஊசி வளைவுகளில் எனக்கு வாந்தி வந்தது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே அவளை மனதுக்குள் வரைந்து பார்த்தேன். இளவயதுக்காரி. சிவப்பாக இருப்பாள். மலைக் காற்றில் கன்னம் மின்னும். தலையில் காட்டுப் பூ வைத்திருப்பாள். நான் வரைந்தவளை நானே அடிக்கலாம் போல இருந்தது.

போய்ப் பார்த்தால் அப்படி ஒன்றுமில்லை. வண்டி திரும்புகிற இடத்தில், பலாமரத்தடியில் ஓலை வேய்ந்த ஒரு கடை. பின்னால் ஓடை ஓடியது. என் வயதுதான் இருக்கும் அவளுக்கு. என்னைவிட ஒரு சுற்றுப் பருமன். முன்பல் ஒன்று இல்லை. அழகியாக இருந்திருந்தால் எனக்கு ஒரு சமாதானமாவது இருந்திருக்கும். இவளிடம் எதைக் கண்டு போனார் என்று நினைத்தபோது எனக்கு ஆத்திரம் இரண்டு மடங்கானது.

டீயை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். வண்டி கிளம்ப நேரம் இருந்தது. கடையில் வேறு யாரும் இல்லை. நேராகக் கேட்டால் சொல்லமாட்டாள் என்று நானே ஒரு கனவைக் கட்டினேன்.

"இங்க கனா சொன்னா கேப்பீங்களாமே. கீழ சொன்னாங்க."

"சொல்லுங்க. கேக்கறதுக்கு இன்னா."

"எருமை வந்துச்சு. எங்க வூட்டு வாசல்ல வந்து நின்னுது."

கெட்ட கனவு என்றால் வாய் திறப்பாள் என்று, இருப்பதிலேயே கெட்டதாகப் பார்த்து எருமையை எடுத்தேன். அவள் கிளாஸை ஓடைத் தண்ணீரில் அலசிக்கொண்டே தலையாட்டினாள்.

"சொல்லிட்டீங்க இல்ல. போயிடும். பயப்படாதீங்க."

"பலன் இன்னான்னு சொல்லலியே."

"பலனெல்லாம் எனக்கு தெரியாதுங்க. காது குடுப்பேன். அப்புறம் ஓடையில கைய கழுவிடுவேன். அவ்ளோதான்."

பலன் தெரியாதாம். பாம்புக்கும் பல்லிக்கும் வித்தியாசம் சொல்லத் தெரியாதவளிடமா என் வீட்டுக்காரர் போய் நின்றார்? இத்தனை தெரிந்த நான் வீட்டில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்து, பயந்துவிட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும். சமாதானம் சொல்கிற குரலில் பேசினாள்.

"எருமை உங்களுக்கு மட்டுமா வருது? கண்டக்டரு ஒருத்தரு இருக்காரு. அவருக்கு ஒரு வருசமா எருமைதான். பதினஞ்சு இருவது தரம் சொல்லிட்டாரு. இன்னும் ஒண்ணும் ஆவல."

அங்கேயே நான் எழுந்து போயிருக்க வேண்டும். பலன் சொல்கிறவளுக்கு அது தெரியாதா? ஆனால் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். அவருடைய கனவு ஒன்று அவளிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை. அந்த நேரத்தில் எனக்கு அது ஒன்றுதான் தெரிந்தது.

"அவருக்கு எருமை எங்க வருது?" என்று கேட்டேன்.

"வண்டி போய்க்கினே இருக்குதாம். வழியில எருமை நிக்குதாம். அவரு சம்சாரம் வண்டிய வுட்டு எறங்கிப் போயி அது மேல ஏறி குந்திக்கிறாங்களாம். இவரு விசில் ஊதறாராம். சத்தமே வர்லியாம். அது பாட்டுக்கு ஏரிக்கரை மேல போயிடுதாம்."

என் தொழில் புத்தி என்னை விடவில்லை. "எந்தப் பக்கமா?"

"தெக்கால."

"ஏறினவ திரும்பிப் பாத்தாளா?"

திரும்பிப் பார்த்தால் பரிகாரம் உண்டு. அதற்காகத்தான் கேட்டேன்.

"பாக்கலியாம். அதச் சொல்லும்போதுதான் அவரு அழுதுடுவாரு. பாவம், ஆம்பள அப்படி அழுது நான் பாத்ததில்லீங்க."

கையிலிருந்த டீ ஆறிப்போயிருந்தது. தெற்கே, ஏரிக்கரை மேல், திரும்பிப் பார்க்காமல். இதற்குமேல் கெட்ட கனவு கிடையாது. யார் காதில் அது விழக் கூடாதோ, அந்தக் காதே டிக்கெட் வாங்கி, மலையேறி, வாந்தி எடுத்துப்போய்க் கேட்டு வாங்கிக்கொண்டது. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, குத்துதே குடையுதே என்று அழுதாளாம் ஒருத்தி. அந்த ஒருத்தி நான்தான்.

பயம் வந்திருக்க வேண்டும். வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பயத்துக்கு முன்னால் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் அழுது நான் பார்த்ததேயில்லை. அவர் அப்பா செத்தபோதுகூடத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பி நின்றவர். என் சாவுக்கு அவர் அழுத அழுகையை இவள் பதினைந்து இருபது தரம் பார்த்திருக்கிறாள். நான் ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. அது எனக்குச் சேர வேண்டிய அழுகை.

வண்டியில் ஹாரன் அடித்தார்கள். எழுந்தபோது அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் முகத்தில் என்ன இருந்ததோ, அவளுக்குப் புரிந்துவிட்டது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

"நீங்க எந்த ஊரும்மா?"

"நைனார்பாளையம்."

"அவரு சம்சாரத்துக்கும் அதான் தாய்வூடுன்னு சொன்னாரு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தெரிஞ்சிருந்தா வாயத் தொறந்திருக்க மாட்டேம்மா. அவரு கிட்ட கேட்ட மாதிரி காட்டிக்காதீங்க. உடைஞ்சி பூடுவாரு."

என் புருஷன் எதற்கு உடைவார் என்று இவள் எனக்குச் சொல்கிறாள். நான் வண்டி ஏறினேன். இறங்குகிற வழியில் எனக்கு வாந்தி வரவில்லை.

கல்யாணத்துக்குப் போய்த் திரும்பி வந்தவர் சீர்வரிசைக் கதையெல்லாம் சொன்னார். நானும் கேட்டேன். பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது பெரிய சாதனை. பதினோராம் நாள் காலையில் மலையிலிருந்து வந்து, காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்.

"வெள்ள பசு வந்துச்சுமே. கன்னுக்குட்டியோட."

"எருமை எங்க போச்சு?" என்றேன்.

தம்ளர் அவர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"யாரு சொன்னது உனக்கு?"

"யாரு சொன்னா இன்னா. நான் எருமை மேல ஏறிப் போறேன்னு ஊரான் பொண்டாட்டிக்கு தெரியுது, எனக்கு தெரியல. இனிமே நல்லது வந்தாலும் கெட்டது வந்தாலும் எங்கிட்டதான் சொல்லணும்."

"சொன்னா பலிச்சிடும்."

"பலிச்சா பலிக்கட்டும். நான் செத்தாலும் பரவால்ல. அவகிட்ட போய் சொல்லாதீங்க."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "நீ செத்துட்டா நான் இன்னாத்துக்கு?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எங்கள் பக்கத்தில் புருஷன் பெண்டாட்டியிடம் சொல்கிற பேச்சில் அதைவிடப் பெரிய பேச்சு கிடையாது. கேட்டதும் நான் உருகியிருக்க வேண்டும். வேறொருத்தியாக இருந்தால் காலைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பாள்.

"அதையும் அவளையே கேளுங்க" என்றேன் நான்.

அன்றோடு நின்றுபோனது. எருமை மட்டுமில்லை, மீனும் பசுவும் யானையும் எல்லாமே நின்றுபோயின. மறுநாள் காப்பி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். "இப்பல்லாம் கனாவே வர்றதில்ல" என்றார். அதற்கடுத்த நாளும் அதையே சொன்னார். பிறகு நான் கேட்பதை விட்டேன். வரிசை வீட்டில் வழக்கம்போல எல்லோருக்கும் பலன் சொன்னேன். என் வீட்டில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு அவருக்கு வேறு தடத்துக்கு மாற்றல் வந்தது. வேலையிலிருந்து ஓய்வும் பெற்றார். ஆனால் மாதம் ஒரு தரம் மலைக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. சாமை வாங்கப் போகிறேன் என்பார், தேன் வாங்கப் போகிறேன் என்பார். போவதற்கு முந்தின நாட்களில் தூக்கத்தில் உடம்பு தூக்கிப் போடும். போய் வந்த பிறகு பத்து நாள் குழந்தை மாதிரித் தூங்குவார். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அந்தத் தேனை நான் நக்கிக்கூடப் பார்த்ததில்லை.

அறுபதைத் தாண்டிய பிறகு எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி வந்தது. ரத்தம் நிறையப் போய், நினைவு தப்பி, ஆஸ்பத்திரியில் பிழைப்பேனா மாட்டேனா என்று கிடந்தேன். கண் விழித்தபோது பகல். அவர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. நான் கண்ணைத் திறந்ததைப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார். அதோடு விட்டிருக்கலாம்.

"அந்த மலைக்காரம்மா நல்லா இருக்கணும்" என்றார்.

நான் அவரை முறைத்தேன். எதற்கென்று அவருக்குப் புரிந்தது. முப்பது வருஷமாக வீட்டில் பேசாத பேச்சை அன்றைக்குப் பேசினார்.

"மொறைக்காத. முப்பது வருசமா அத்தனையும் கேட்டு ஓடையில வுட்டுது அது. உங்கிட்ட சொல்லியிருந்தா நீ இன்னிக்கு கண்ண முழிச்சிருப்பியா? நீயே சொல்லு. நீதானே ஊருக்கெல்லாம் பலன் சொல்றவ."

டாக்டரால் பிழைத்தேன் என்றால் அவர் காலில் விழுந்திருப்பேன். பிள்ளையாரால் என்றால் கொழுக்கட்டை படைத்திருப்பேன். என் வீட்டுக்காரர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் தப்பென்று சொல்ல முடியவில்லை. என் கணக்குப்படியே பார்த்தாலும், காதில் விழுந்த அந்த ஒரு கனவு என்னை ஆஸ்பத்திரிவரை கொண்டுவந்தது; மீதியையெல்லாம் ஓடையில் விட்டு எனக்கு உயிர் கொடுத்தவள் அவள்தான். அவளை ஒரு கும்பிடு கும்பிட்டுவிட்டுப் போகலாம். கை எழவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, பிழைத்ததற்காக அழுதேன்.